பன்னாட்டுச் சங்கம் முழுத் தோல்வியா? இரு முறை தண்டம் கட்டிய கிரீஸும் இந்தியாவுக்கான பாடமும்

முனிர்கா (புதுதில்லி): தெற்கு தில்லியின் முனிர்கா, குறுகிய சந்துகளும் வாடகை அறைகளும் நிறைந்த பகுதி. ஒருபுறம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். மறுபுறம் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான மலை மந்திர் அமைந்துள்ள ராமகிருஷ்ணபுரம். பல்கலைக்கழக மாணவர்களும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் பெருமளவில் தங்கிப் படிக்கும் இப்பகுதியில், உலக வரலாற்றைப் படிப்பவர்கள் எதிர்கொள்ளும் பழைய வினா ஒன்று உண்டு. பன்னாட்டுச் சங்கத்தின் வெற்றி தோல்விகளை எப்படி மதிப்பிடுவது என்பதே அது.

'லீக் ஆஃப் நேஷன்ஸ்' என்றும் 'சர்வதேச சங்கம்' என்றும் அழைக்கப்பட்ட அந்த அமைப்பு, போரைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட முதல் உலகளாவிய அமைப்பு. அது தொடங்கி இருபது ஆண்டுகள் நிறைவடைவதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. எனவே, 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லில் பலரும் அதன் கதையை முடித்துவிடுகின்றனர். அந்தத் தீர்ப்பு தவறானதல்ல. ஆனால் முழுமையானதும் அல்ல. எந்தப் பணியில் அது தோற்றது, எதில் வென்றது, ஏன் என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் இன்றைய ஐக்கிய நாடுகள் சபையின் பலமும் பலவீனமும் விளங்கும். அந்த அமைப்பின் அமைதிப் படைகளுக்குப் பல்லாண்டுகளாக வீரர்களை அனுப்பிவரும் இந்தியாவுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

சங்கம் உருவானது எப்படி?

1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்து பணியாற்றினர். அவர்களுள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தில்லியின் இந்தியா கேட் அவர்களை நினைவுகூரும் சின்னமாக எழுப்பப்பட்டதே.

போருக்குப் பின் பாரிஸில் கூடிய அமைதி மாநாட்டில், இனி இத்தகைய பேரழிவு நிகழாமல் தடுக்க நிரந்தர அமைப்பு ஒன்று தேவை என்று அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் வலியுறுத்தினார். அதன்படி உருவான சங்கத்தின் சாசனம், 1919 ஜூன் 28-ஆம் தேதி கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. 26 பிரிவுகளைக் கொண்ட அந்தச் சாசனம் 1920 ஜனவரி 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரம் தலைமையிடமானது.

எல்லா உறுப்பு நாடுகளும் அமரும் பேரவை, வல்லரசுகள் நிரந்தர இடம் பெற்ற கவுன்சில், அன்றாடப் பணிகளைக் கவனிக்கும் செயலகம் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். முக்கிய முடிவுகளுக்கு ஒருமித்த இசைவு தேவை. சங்கத்துக்கெனச் சொந்தப் படை கிடையாது. ஒரு நாடு சாசனத்தை மீறிப் போர் தொடுத்தால், மற்ற நாடுகள் அதனுடன் வணிக, நிதி உறவுகளைத் துண்டிக்க வேண்டும் என்று 16-ஆவது பிரிவு கூறியது. அதுவே சங்கத்தின் கையிலிருந்த முதன்மை ஆயுதம்.

தொடக்கத்திலேயே ஒரு பேரிழப்பு நேர்ந்தது. உடன்படிக்கையை ஏற்க அமெரிக்க செனட் மறுத்துவிட்டது. சங்கத்துக்கு வித்திட்ட அதிபரின் நாடு கடைசிவரை அதில் உறுப்பினராகவே இல்லை.

ஒரே கிரீஸ், இரு தீர்ப்புகள்

சங்கத்தின் வெற்றி தோல்வியை விளங்கிக்கொள்ள, ஈராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உதவும். இரண்டிலும் தொடர்புடைய நாடு கிரீஸ்.

1923 ஆகஸ்டில், கிரீஸ் - அல்பேனியா எல்லையை அளக்கும் பணியில் ஈடுபட்டிருந்த இத்தாலியத் தளபதி டெல்லினியும் அவருடன் சென்றவர்களும் கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டனர். இத்தாலியின் முசோலினி உடனடியாகக் கடற்படையை அனுப்பி, கிரீஸின் கோர்ஃபு தீவின் மீது குண்டு வீசிக் கைப்பற்றினார். கிரீஸ் சங்கத்திடம் முறையிட்டது. ஆனால், சங்கம் இதில் தலையிடக் கூடாது என்று இத்தாலி பிடிவாதம் காட்டியது. விவகாரம் வல்லரசுகளின் தூதர்கள் மாநாட்டின் கைக்குச் சென்றது. இறுதியில் இத்தாலி தீவைவிட்டு வெளியேறியது. கிரீஸ் 5 கோடி லிரா இழப்பீடாகச் செலுத்த நேர்ந்தது. அதாவது, தாக்கப்பட்ட நாடே பணம் கட்டியது.

1925 அக்டோபரில் நிலைமை தலைகீழானது. எல்லையில் ஏற்பட்ட மோதலைத் தொடர்ந்து கிரேக்கப் படைகள் பல்கேரியாவுக்குள் நுழைந்தன. பல்கேரியா சங்கத்தை நாடியது. பிரான்ஸின் அரிஸ்டீட் பிரியான் தலைமையிலிருந்த கவுன்சில் போரை உடனே நிறுத்தும்படி கட்டளையிட்டது. விசாரணைக் குழு சம்பவ இடத்துக்குச் சென்றது. கிரீஸ் படைகளைத் திரும்பப் பெற்றதுடன், 45 ஆயிரம் பவுண்டு இழப்பீடும் செலுத்தியது. ஒரு போர் சில நாள்களிலேயே தடுக்கப்பட்டது.

இரு முறையும் பணம் கட்டியது கிரீஸ்தான். சாசனத்தின் எழுத்துகள் மாறவில்லை, விதிகள் மாறவில்லை. மாறியது எதிரே நின்ற நாட்டின் வலிமை. முதல் சம்பவத்தில் அத்துமீறிய இத்தாலி, கவுன்சிலில் நிரந்தர இடம் பெற்ற வல்லரசு. இரண்டாவதில் அத்துமீறிய கிரீஸ் சிறிய நாடு. வல்லரசுகள் அனைத்தும் ஒரே கருத்துடன் அதன் முன் நின்றன. சங்கத்தின் மொத்த வரலாற்றையும் இந்த இரண்டு சம்பவங்களில் காணலாம்.

சிறிய நாடுகளின் தகராறுகளில் கிடைத்த வெற்றிகள்

வல்லரசுகளின் நலன் குறுக்கிடாத இடங்களில் சங்கம் ஓரளவு நன்றாகவே செயல்பட்டது. ஆலந்து தீவுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அத்தீவு மக்கள் சுவீடிய மொழி பேசுபவர்கள்; சுவீடனுடன் இணைய விரும்பினர். பின்லாந்தோ அத்தீவுகள் தனக்கே உரியவை என்றது. 1921-இல் சங்கம் வழங்கிய தீர்ப்பின்படி தீவுகள் பின்லாந்திடமே இருந்தன. அதே சமயம், மக்களின் மொழிக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. அங்கு படைகளை நிறுத்தக் கூடாது என்பதும் உறுதியானது. நூறாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

தென் அமெரிக்காவில் கொலம்பியாவும் பெருவும் மோதிக்கொண்ட லெட்டீசியா பகுதியை, 1933-34-இல் சங்கம் நியமித்த குழு தன் பொறுப்பில் வைத்து நிர்வகித்து, பின்னர் கொலம்பியாவிடம் ஒப்படைத்தது.

அமைதி காக்கும் படை என்ற எண்ணத்துக்கும் இக்காலத்திலேயே முன்னோட்டம் கிடைத்தது. ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள சார் நிலப்பகுதி, முதல் உலகப் போருக்குப் பின் 15 ஆண்டுகள் சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தது. யாருடன் சேர்வது என்பதை அங்குள்ள மக்களே முடிவுசெய்ய 1935 ஜனவரி 13-ஆம் தேதி பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. கலவரம் மூளாமல் தடுக்க பிரிட்டன், இத்தாலி, சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,300 வீரர்கள் சங்கத்தின் சார்பில் அங்கு நிறுத்தப்பட்டனர். வாக்கெடுப்பு அமைதியாக முடிந்தது. 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தனர். முடிவு ஹிட்லருக்கு மகிழ்ச்சி அளித்தது என்பது வேறு. வாக்கெடுப்பை முறையாக நடத்தித் தருவதாகச் சங்கம் அளித்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

வலியவர் அத்துமீறியபோது

சங்கத்தை வீழ்த்திய சோதனைகள் இரண்டு. ஒன்று ஆசியாவில், மற்றொன்று ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது.

1931 செப்டம்பர் 18-ஆம் தேதி, முக்டென் நகருக்கு அருகே ரயில் பாதையில் நிகழ்ந்த வெடிப்பைக் காரணம் காட்டி, ஜப்பானியப் படைகள் சீனாவின் மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கின. சங்கம் விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை வகித்த லிட்டன் பிரபு, முன்னர் வங்காள மாகாண ஆளுநராகப் பணியாற்றியவர். குழு சம்பவ இடத்துக்குச் சென்று விசாரித்து, அறிக்கை வெளியிட்டபோது ஓராண்டு கடந்துவிட்டது. அதற்குள் மஞ்சூரியாவில் ஜப்பானின் கைப்பாவை அரசு நிறுவப்பட்டிருந்தது. 1933 பிப்ரவரி 24-ஆம் தேதி பேரவை அந்த அறிக்கையை ஏற்றது. ஆதரவாக 42 வாக்குகள், எதிராக ஜப்பானின் ஒரே வாக்கு, சயாம் வாக்களிக்கவில்லை. அடுத்த மாதமே ஜப்பான் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. தீர்ப்பு நியாயமாகவே இருந்தது. அதை நிறைவேற்ற எவரும் முன்வரவில்லை.

1935 அக்டோபர் 3-ஆம் தேதி, எத்தியோப்பியா என்று இன்று அறியப்படும் அபிசீனியாவின் மீது இத்தாலி படையெடுத்தது. இம்முறை சங்கம் 16-ஆவது பிரிவைப் பயன்படுத்தியது. இத்தாலிக்கு எதிரான பொருளாதாரத் தடைகள் நவம்பர் 18-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. ஆனால், போர் இயந்திரத்துக்கு உயிர்நாடியான பெட்ரோலிய எண்ணெய் தடைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இத்தாலியப் படைகளும் தளவாடங்களும் சென்ற சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இதனிடையே, பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்களான ஹோரும் லவாலும் அபிசீனியாவின் பெரும் பகுதியை இத்தாலிக்கு விட்டுக்கொடுக்கும் ரகசியத் திட்டத்தை வகுத்தனர். அது டிசம்பரில் அம்பலமாகி, கடும் எதிர்ப்புக்கு உள்ளானது.

1936 மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. நாட்டைவிட்டு வெளியேறிய பேரரசர் ஹைலி செலாசி, ஜூன் 30-ஆம் தேதி ஜெனீவாவில் பேரவை முன் நேரில் நின்று முறையிட்டார். தம் மக்கள் மீது நச்சு வாயு வீசப்பட்டதை அவர் அங்கு எடுத்துரைத்தார். அடுத்த மாதமே தடைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. சிறிய நாடுகளுக்குச் சங்கத்தின் மீதிருந்த நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

காரணம் விதியா, விருப்பமின்மையா?

சங்கத்தின் தோல்விக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. அமெரிக்கா சேரவில்லை, ஒருமித்த இசைவு தேவைப்பட்டது, சொந்தப் படை இல்லை. இவற்றுள் முதல் காரணத்தின் எடை பெரிது. தடை விதித்தாலும், வெளியே நிற்கும் பெரும் வணிக நாடு சரக்கை விற்றுவிடும் என்ற அச்சம் எல்லா முடிவுகளையும் பலவீனப்படுத்தியது.

மற்ற இரண்டு காரணங்களும் கூறப்படும் அளவுக்கு வலுவானவை அல்ல. மஞ்சூரியா விவகாரத்தில் ஒருமித்த இசைவு தடையாக இருக்கவில்லை. 42 நாடுகள் ஒரே குரலில் பேசின. படை இல்லாததும் எல்லா இடங்களிலும் தடையாகவில்லை. உறுப்பு நாடுகள் விரும்பியபோது சார் பகுதிக்கு 3,300 வீரர்களை அனுப்ப முடிந்தது. உண்மையான குறை வேறிடத்தில் இருந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனியைக் கண்டு அஞ்சின. இத்தாலியைப் பகைத்துக்கொள்ளத் தயங்கின. 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம், தொலைதூர நாடு ஒன்றுக்காக இழப்பை ஏற்கும் மனநிலையை மேலும் குறைத்தது. சாசனத்தில் விதி இருந்தது. அதை நிலைநாட்டுவதற்கான விலையைக் கொடுக்க ஆள் இல்லை.

நோய், அகதிகள், தொழிலாளர்: பேசப்படாத பணிகள்

போர் தடுப்பு என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு அளந்தால், சங்கத்தின் மற்றொரு பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

முதல் உலகப் போரின் கைதிகளைத் தாயகம் திருப்பி அனுப்பும் பொறுப்பை, நார்வேயின் துருவப் பயண வீரர் நான்சனிடம் சங்கம் ஒப்படைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினர். நாடிழந்து நின்ற ரஷிய அகதிகளுக்காக 1922-இல் உருவாக்கப்பட்ட 'நான்சன் கடவுச்சீட்டு', எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களுக்குப் பயண ஆவணமாகப் பயன்பட்டது. அதே ஆண்டு நான்சனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சங்கத்தின் சுகாதார அமைப்பு 1925-இல் சிங்கப்பூரில் கீழைப் பிராந்திய அலுவலகத்தைத் திறந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து காலரா, பிளேக், அம்மை நோய்ப் பரவல் குறித்த தகவல்கள் தந்தி மூலம் அங்கு திரட்டப்பட்டு, வாரந்தோறும் மற்றத் துறைமுகங்களுக்கு அறிவிக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் நோக்கித் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எந்தத் துறைமுகத்தில் என்ன நோய் பரவுகிறது என்பது முன்கூட்டியே தெரிவது, அத்தகைய பயணிகளுக்கு உயிர் காக்கும் செய்தி. 1929-இல் சங்கத்தின் மலேரியா ஆணையம் இந்தியாவுக்கும் வந்து ஆய்வு நடத்தியது.

சங்கத்துடன் இணைந்து உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு 1919-இல் வாஷிங்டனில் கூடியது. அதில் இந்தியத் தொழிலாளர் தரப்பில் என்.எம். ஜோஷியுடன், சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியாவும் பங்கேற்றார். மேலை நாடுகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வகுத்த அந்த மாநாடு, இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்று சலுகை அளித்தது. அந்தச் சலுகை முதலாளிகளுக்கே சாதகமானது என்றாலும், முன்பு இருந்த நிலையைவிட அது முன்னேற்றமே. 1922-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்ததுடன், ஆலைகளில் சேர்க்கப்படும் குழந்தைகளின் குறைந்தபட்ச வயதை 9-லிருந்து 12 ஆக உயர்த்தியது.

இந்தப் பணிகளும் அரசியலின் கையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அகதிகளுக்காக 1933-இல் நியமிக்கப்பட்ட ஆணையர் ஜேம்ஸ் மெக்டொனால்டு, போதிய ஆதரவு கிடைக்காத நிலையில், ஜெர்மனியின் இனக் கொடுமையைக் கண்டித்து 1935-இல் பதவி விலகினார்.

இந்தியாவின் நிலை: சந்தா உண்டு, சுதந்திரம் இல்லை

சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் இந்தியாவும் ஒன்று. இது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். தன்னாட்சி பெற்ற நாடுகளே புதிய உறுப்பினராகச் சேரலாம் என்று சாசனம் கூறியது. இந்தியாவுக்கோ தன்னாட்சி இல்லை. ஆயினும், போரில் பங்கேற்று உடன்படிக்கையில் கையெழுத்திட்டதால், அது தொடக்க உறுப்பினர் பட்டியலில் இடம்பெற்றது. கையெழுத்திட்டவர்கள் பிரிட்டனின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும்.

ஜெனீவா சென்ற இந்தியக் குழுக்களில் தமிழ் மண்ணைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்து இடம்பெற்றனர். வலங்கைமானில் பிறந்த வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி 1921-இலும், பி.எஸ். சிவஸ்வாமி ஐயர் 1922-இலும், சி.பி. ராமஸ்வாமி ஐயர் 1926, 1927 ஆகிய ஆண்டுகளிலும் பேரவையில் பங்கேற்றனர். தொடக்க ஆண்டுகளில் குழுவின் தலைமை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1929-இல்தான் முதன்முறையாக இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றார். அவர் வேலூர் நகராட்சியில் பொதுவாழ்வைத் தொடங்கிய முகமது ஹபிபுல்லா. 1937-இல் ஆகா கான் பேரவையின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தப் பெருமைகளுக்குப் பின்னால் ஒரு முரண் இருந்தது. சங்கத்துக்கு அதிக சந்தா செலுத்திய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆனால், கவுன்சிலில் அதற்கு ஒருமுறைகூட இடம் கிடைக்கவில்லை. குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததும், என்ன பேச வேண்டும் என்று அறிவுறுத்தியதும் லண்டனுக்குக் கட்டுப்பட்ட அரசே. அபிசீனியா தாக்கப்பட்டபோது பிரிட்டிஷ் இந்திய அரசு லண்டனின் வழியைப் பின்பற்றியது. ஜவாஹர்லால் நேரு தலைமையிலான காங்கிரஸோ 1936 மே மாதம் அபிசீனியாவுக்கு ஆதரவாக நாடெங்கும் தனி நாள் கடைப்பிடிக்க அழைப்பு விடுத்தது. ஜெனீவாவில் ஒலித்த இந்தியாவின் குரலும் இந்திய வீதிகளில் ஒலித்த குரலும் ஒன்றல்ல.

ஆகவே, அடிமைப்பட்டிருந்த மக்களின் பார்வையில் சங்கத்தின் தோல்வி 1931-இல் தொடங்கியதல்ல. 1919-இல், எல்லா இனத்தாரும் சமம் என்ற கொள்கையைச் சாசனத்தில் சேர்க்க ஜப்பான் முன்வைத்த திருத்தத்தை 17 வாக்குகளில் 11 ஆதரித்தன. ஆயினும், ஒருமித்த இசைவு இல்லை என்று கூறி, அவைக்குத் தலைமை வகித்த வில்சன் அதை ஏற்க மறுத்தார். பேரரசுகளைத் தொடாமல் அமைதியை மட்டும் காக்கலாம் என்ற எண்ணம் அஸ்திவாரத்திலேயே இருந்தது.

எனினும், அந்த முரணான உறுப்புரிமை பயனற்றும் போகவில்லை. விடுதலைக்கு முன்பே இந்தியா தனியொரு நாடாகப் பன்னாட்டு அவைகளில் பெயர் பெற்றது. அந்த அவைகளின் நடைமுறைகளில் இந்தியர்கள் பயிற்சி பெற்றனர். 1945 ஜூன் 26-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் ஆற்காடு ராமசாமி முதலியாரும், கரூர் அருகே வாங்கலில் பிறந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரியும் கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு, ஐ.நா. பொருளாதார, சமூகக் கவுன்சிலின் முதல் தலைவரானார் முதலியார்.

ஐ.நா.வுக்குச் சென்ற பாடங்கள்

1946 ஏப்ரலில் கூடிய கடைசிப் பேரவை, சங்கத்தைக் கலைத்து அதன் சொத்துகளை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. ஜெனீவாவில் சங்கத்துக்காகக் கட்டப்பட்ட 'பலே டி நாசியோன்' மாளிகையில்தான் இன்றும் ஐ.நா.வின் ஐரோப்பிய அலுவலகம் இயங்குகிறது. 1922 முதல் செயல்பட்ட நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தின் இடத்தில் இன்றைய சர்வதேச நீதிமன்றம் வந்தது. சுகாதார அமைப்பின் பணிகளை உலக சுகாதார அமைப்பு ஏற்றது. தொழிலாளர் அமைப்பு அப்படியே தொடர்ந்தது.

அமைதி காக்கும் பணியில் இரு மாற்றங்கள் செய்யப்பட்டன. ஒன்று, பாதுகாப்பு கவுன்சிலின் முடிவுகள் எல்லா உறுப்பினர்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்றன. மற்றொன்று, ஐந்து வல்லரசுகளுக்கு 'வீட்டோ' எனப்படும் மறுப்பு உரிமை வழங்கப்பட்டது. வல்லரசுகள் வெளியேறாமல் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலை அது. அதனால் சங்கத்தில் நிகழ்ந்ததுபோல ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும் நிலை ஏற்படவில்லை. ஆனால், கோர்ஃபுவில் எழுந்த கேள்வி தீரவும் இல்லை. அன்று இத்தாலி அடம்பிடித்துப் பெற்ற விலக்கு, இன்று ஐந்து நாடுகளுக்குச் சாசனப்படியே உண்டு.

இன்றைய இந்தியாவுக்கு ஏன் முக்கியம்?

முனிர்காவை ஒட்டிய பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1955-இல் தில்லி சப்ரூ ஹவுஸில் தொடங்கப்பட்டு, 1970-இல் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட நிறுவனம். பன்னாட்டு அமைப்புகளையும் ஆராயும் மையம் அங்கு உள்ளது. இதே தில்லியில்தான், ஐ.நா. அமைதிப் பணிக்குச் செல்லும் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் மையம் 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அமைதி காத்தலைப் பற்றிப் படிப்பவர்களும் அதற்காகக் களம் செல்பவர்களும் ஒரே நகரில் தயாராகின்றனர்.

1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது அமைக்கப்பட்ட ஐ.நா.வின் முதல் ஆயுதமேந்திய அமைதிப் படையில் இந்தியா பங்கேற்றது. இதுவரை 2.9 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அமைதிப் பணிகளில் ஈடுபட்டுள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 180 பேர் உயிர்த்தியாகம் செய்துள்ளனர். ஆனால், அந்தப் படைகளை எங்கு அனுப்புவது, என்ன அதிகாரம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் இல்லை. எட்டு முறை தற்காலிக உறுப்பினராக மட்டுமே இருந்துள்ளது, கடைசியாக 2021-22-இல். சங்கத்துக்குப் பணம் கொடுத்தும் கவுன்சிலில் இடம் பெறாத அன்றைய நிலையின் எதிரொலி இதில் கேட்கிறது. வேறுபாடு என்னவெனில், இன்று பேசுவது சுதந்திர இந்தியாவின் சொந்தக் குரல்.

எப்படி மதிப்பிடுவது?

சங்கத்தை மதிப்பிட முனைபவர்கள் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது பயன்தரும். சிறிய நாடுகளின் பூசல்களைத் தீர்த்ததா? பெரும்பாலும் ஆம். வல்லரசின் படையெடுப்பைத் தடுத்ததா? இல்லை. மனிதரின் அன்றாடத் துயரைக் குறைத்ததா? கணிசமான அளவில் ஆம். எல்லா மக்களையும் சமமாக நடத்தியதா? இல்லை. இந்த நான்கு விடைகளையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்க முயலும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

இந்த விடைகளுக்குள் மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. சங்கம் என்பது உறுப்பு நாடுகளுக்கு அப்பாற்பட்ட தனிச் சக்தி அல்ல. 1925-இல் பல்கேரியாவைக் காத்தவர்களும், 1936-இல் அபிசீனியாவைக் கைவிட்டவர்களும் அதே நாடுகளே. 'சங்கம் தோற்றது' என்று எழுதும்போது, தோற்கவிட்டவர்களின் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. இன்று 'ஐ.நா. செயலிழந்துவிட்டது' என்று கூறப்படும்போதும், செயல்படவிடாமல் கை உயர்த்தியது எந்த நாடு, எதற்காக என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்பதே ஜெனீவா விட்டுச்சென்ற பாடம்.